கந்தகத்தைக் கழுவி எடுக்கும் வித்தை!

1885-ஆம் ஆண்டு. அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தில், லீமா என்று ஓர் ஊர். எரிவாயு கிடைக்குமா என்று பூமியைத் துளைத்தார்கள். எண்ணெய் வந்தது! ஊராரின் மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா?

ஆனால், மகிழ்ச்சி நீடிக்கவில்லை. எண்ணெயில் அழுகிய முட்டை நாற்றம்! அதிலிருந்து எடுத்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றினால் சிம்னியில் கரி படிந்தது, வீடு நாறியது. "ஸ்கங்க்" என்ற நாற்றப் பிராணியின் பெயரை வைத்து எல்லோரும் கேலி செய்தார்கள். பீப்பாய் விலை 15 சென்ட் அளவுக்குச் சரிந்தது.

காரணம் என்ன? எண்ணெயில் கலந்திருந்த கந்தகம்தான்!

துணிந்தவர்

இந்த நாற்ற எண்ணெயையும் ஒருவர் வாங்கிக் குவித்தார். அவர்தான் எண்ணெய் மன்னர் ராக்பெல்லர். கூட்டாளிகள் தடுத்தார்கள். "கம்பெனி பணம் வேண்டாம், என் சொந்தப் பணம் 30 லட்சம் டாலரைப் போடுகிறேன்" என்ற பொருள்படச் சொல்லி, அவர்களை மடக்கினார்.

நாற்றத்தைப் போக்கும் பொறுப்பு ஹெர்மன் பிராஷ் என்ற ரசாயன நிபுணரிடம் வந்தது. ஜெர்மனியில் பிறந்தவர் அவர். எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது தாமிர ஆக்ஸைடைச் சேர்த்தார். கந்தகம் எண்ணெயை விட்டுத் தாமிரத்தைப் பற்றிக்கொண்டது. அந்தத் தாமிரத்தைக் காற்றில் வறுத்தால் பழையபடி ஆக்ஸைடு ஆகிவிடும், மறுபடியும் பயன்படுத்தலாம். நாறிய எண்ணெய் நல்ல விலைக்குப் போயிற்று!

புகையில் வரும் நஞ்சு

அன்று தொல்லை நாற்றத்தால்; இன்று தொல்லை புகையால்.

கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சை முட்டவைக்கும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிறது. அதனால்தான் சட்டங்கள் கடுமையாகிவிட்டன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் பங்கு டீஸலில் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது!

எண்ணெய் ஆலைகள் இதற்கு ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துகின்றன. 300 டிகிரிக்கு மேல் சூடு, மிகுந்த அழுத்தம். ஹைட்ரஜன், கந்தகத்தைப் பிய்த்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆனால் சில மூலக்கூறுகள் பொல்லாதவை. கந்தகம் அவற்றின் நடுவில் ஒளிந்துகொள்ளும். பக்கத்திலுள்ள கிளைகள் கோட்டைச்சுவர்போல் காவல் நிற்கும். சூட்டையும் அழுத்தத்தையும் ஏற்ற வேண்டும், செலவும் ஏறும்.

வேறொரு வழி

இந்தப் பிடிவாதக்காரர்களை மடக்க விஞ்ஞானிகள் வேறொரு வழி கண்டார்கள். பிய்க்க வேண்டாம், பிராணவாயுவை ஊட்டினால் போதும்!

ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற திரவத்தோடு சிறிது அமிலத்தையும் சேர்த்து எண்ணெயில் கலக்குகிறார்கள். 100 டிகிரிக்குக் குறைந்த சூடே போதும், அழுத்தம் தேவையில்லை. ஒவ்வொரு கந்தக அணுவும் இரண்டு பிராணவாயு அணுக்களை ஏற்றுக்கொள்கிறது. உடனே அந்த மூலக்கூறின் குணமே மாறிவிடுகிறது. எண்ணெயோடு அதற்கு ஒட்டுறவு குறைகிறது.

அடுத்தது கழுவுதல். அசிட்டோநைட்ரைல் போன்ற திரவத்தை ஊற்றிக் கலக்கி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். எண்ணெயும் தண்ணீரும்போல இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரிகின்றன. கந்தக மூலக்கூறுகள் கழுவும் திரவத்தோடு போய்விடுகின்றன!

இதிலும் சிக்கல்

அப்படியானால், எல்லா ஆலைகளும் இதையே செய்யலாமே?

பெராக்ஸைடு விலை கூடியது. கழுவும் திரவத்தைக் காய்ச்சி மீட்க வேண்டும். கொஞ்சம் நல்ல எண்ணெயும் அதோடு போய்விடும். பிரித்தெடுத்த கந்தகப் பொருளை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. கச்சா எண்ணெயிலோ பிசின் போன்ற பொருள்கள் அதிகம். அவையும் பெராக்ஸைடைத் தின்றுவிடும். ஆகவே, ஹைட்ரஜனுக்குத்தான் இன்னும் முதலிடம். ஹைட்ரஜன் விட்டுவைத்த மிச்சத்தைப் பிடிப்பதுதான் இந்த முறைக்கு ஏற்ற வேலை.

அழுகிய முட்டை நாற்றத்தை மூக்கு கண்டுபிடித்துவிடும். 10 லட்சத்தில் சில பங்கு கந்தகத்தை எந்த மூக்கும் அறியாது. ஆனால், நுரையீரல் அறியும். அதற்காகத்தான் இத்தனை பாடு!