மாடல் ரயிலுக்கு மலை: ரெடிமேடா, நாமே செய்வதா?

கீரனூர் ஸ்டேஷனை 1:87 என்ற ஹெச்ஓ அளவில் மேஜைக்குக் கொண்டுவர ஆசையா? சிக்கல் மலையில்தான். ஜெர்மனியின் நோக் நிறுவனம் விற்கும் ரெடிமேட் நிலக்காட்சிகள் எடை குறைவு, வேலையும் மிச்சம். ஆனால் அவை பெரும்பாலும் ஆல்ப்ஸ் பக்கத்துச் சாயல். நார்த்தாமலையின் மொட்டைப் பாறைக்கு எங்கே போவது?

நாமே செய்வதுதான் சரி. கொலுவுக்கு பார்க் அமைத்த வீடுகளுக்கு இது புதுசில்லை. தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, மைதாப் பசையில் நனைத்த பேப்பரை ஒட்டி, காய்ந்ததும் பெயின்ட் அடித்தால் பாறை ரெடி. செம்மண்ணைச் சலித்துத் தூவலாம். தூவும் முன் மண்ணில் காந்தத்தை ஓட்டிவிடுங்கள். இரும்புத் துகள் மோட்டாருக்குள் போனால் இன்ஜினே காலி! வாடகை வீடு மாறுபவர்கள் பிளாஸ்டர் பக்கம் போகாதீர்கள், கனம்.

பனைமரம்? 20 மீட்டர் பனை இங்கே 23 செ.மீ.தான். மூங்கில் குச்சி போதும்.