பழைய மோட்டார் ஹோமின் மஞ்சள் உலோகங்கள்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கனடாவில் கோடை விடுமுறைக்கு அம்மா, அப்பா, பிள்ளைகள் என எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, வழியில் சோறு கறி சமைத்துச் சாப்பிட்டபடி போக மோட்டார் ஹோம் வசதியானது. புதியதன் விலை எட்டாததால் எங்கள் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து 1990களில் செய்த ஒன்றை வாங்கினோம். இப்படியான வாகனங்களின் கதவைத் திறந்தால் எங்கும் மஞ்சள் மினுக்கம்தான்: அலுமாரிக் கைபிடிகள், பிணைச்சல்கள், சுவர் விளக்குகள், தண்ணீர்க் குழாய்கள். வட அமெரிக்க வீடுகளில் அக்காலத்து நாகரிகம் அது. இப்போது பாதி மங்கி, பாதி உரிந்து கிடக்கும்.

பித்தளை மங்கினால் எம்மவர் கை பழப்புளியைத்தான் தேடும். குத்துவிளக்கு அப்படித்தானே மினுங்குகிறது! ஆனால் குத்துவிளக்கு முழுப் பித்தளை. இங்கே இருப்பவற்றில் அனேகமானவை இரும்பு அல்லது துத்தநாகக் கலவை. மேலே மெல்லிய பித்தளைப் பூச்சு, அதற்கும் மேலே வார்னிஷ். வார்னிஷ் இருக்கும் இடத்தில் புளி உலோகத்தைத் தொடாது. வார்னிஷ் உரிந்த இடத்தில் புளியின் அமிலமும் தேய்ப்பும் மிச்சப் பூச்சையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் கழற்றி, பின்பக்கத்தில் ஊசியால் சிறிது கீறலாம். சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். மஞ்சளாகவே இருந்தால் அது உண்மையான பித்தளை. அதை எறியாமல் வார்னிஷை நீக்கிப் புளி போட்டுத் துலக்கலாம். எல்லாவற்றையும் மங்கல் கறுப்பாக மாற்றுவதுதான் இப்போதைய மோஸ்தர். அதுவும் பத்து வருடத்தில் பழசாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

கைபிடிகளை வாங்குமுன் இரண்டு திருகாணித் துளைகளின் நடுவுக்கு நடு அளக்க வேண்டும். பழைய வாகனங்களில் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீற்றர், அதிகம் காணப்படும். கடையில் அழகாகத் தெரிபவை பல 96 அல்லது 128 மில்லிமீற்றர். புதிய துளை போட்டால் பழைய துளை பல்லிளிக்கும். பாரமான வார்ப்புக் கைபிடிகளும் வேண்டாம். மெல்லிய பலகை, ஓடும் குலுக்கலில் பிய்ந்துவிடும். பழைய கைபிடியோடு சேர்ந்திருக்கும் கொளுக்கியை அகற்றினால், முதல் வளைவிலேயே அலுமாரி திறந்து கோப்பைகள் பிள்ளைகளின் தலையில் விழும். புதியதிலும் பூட்டும் பொறி கட்டாயம் இருக்கட்டும்.

செலவைக் குறைக்க விரும்பினால் பெயின்ற் அடிக்கலாம். கழற்றிய பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய் போகக் கழுவி, 400 இலக்க சாண்ட்பேப்பரால் மினுக்கத்தை மழுக்கி, உலோகத்துக்கான பிரைமர் அடித்து, பிறகு நிறத்தை மெல்லிய படைகளாக அடிக்க வேண்டும். தொட்டால் ஒட்டாதது காய்ந்ததாகாது. கெட்டியாகச் சில நாட்கள் எடுக்கும். பிணைச்சலின் அசையும் மூட்டில் பெயின்ற் நிற்காது. எந்நேரமும் நனையும் குழாயிலும் நிற்காது.

இந்த வேலையை வாகனத்துக்குள் செய்யவே கூடாது. ஸ்பிரேயின் ஆவி தீப்பற்றும். எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப்பெட்டியும் சுடுநீர்க் கொதிகலனும் தாமாகவே பற்றவைத்துக்கொள்ளும். பாகங்களை வெளியே கொண்டுபோய், எரிவாயு உருளையையும் மூடிவிட்டே தொடங்க வேண்டும்.

பித்தளைதானே என்று கைவைக்கக் கூடாதவை எரிவாயுக் குழாயின் இணைப்புகள். அவை பெரும்பாலும் உண்மையான பித்தளை. தளர்த்தவும் வேண்டாம், பெயின்ற் பூசவும் வேண்டாம். சான்றிதழ் பெற்ற எரிவாயுத் தொழிலாளியிடம் விடுங்கள்.

தண்ணீர்க் குழாயை மாற்றும்போது கீழே குனிந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் குழாய் தெரிந்தால் அது பொலிபியூற்றிலீனாக இருக்கக்கூடும். 1978 முதல் 1995 வரை பாவித்த அந்தக் குழாய் வயதாக ஆக நொறுங்கும். இழுத்துத் திருகினால் தரைப்பலகை முழுவதும் ஈரம் ஊறிவிடும். குழாய் அழகாக இருப்பதைவிட, அந்த இணைப்புகளைப் புதிய பெக்ஸ் குழாய்க்கு மாற்றுவதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

விளக்குகளில்தான் உண்மையான இலாபம். இவை 12 வோல்ற்று. 1141 வகைப் பழைய மின்குமிழ் ஒன்று ஏறக்குறைய 1.4 அம்பியர் இழுக்கும். ஐந்து எரிந்தால் 7 அம்பியர்; 100 அம்பியர் மணி பற்றரியின் பாதி ஏழு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். எல்.ஈ.டி. அதில் ஒரு சிறு பங்கே எடுக்கும். பற்றரி ஏறும்போது 14 வோல்ற்றுக்கு மேலும் போகும் என்பதால், 10 முதல் 30 வோல்ற்று வரை தாங்கும் குமிழையே கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் நேர், மறை மாறினால் எரியாது. திருப்பிப் போட்டால் போதும். மூடியின் மஞ்சள் விளிம்புக்கு மட்டும் பெயின்ற் அடித்தால் விளக்கையே மாற்றத் தேவையில்லை.

எல்லாம் பூட்டியதும் 100 கிலோமீற்றர் ஓடிவிட்டு, ஒவ்வொரு திருகாணியையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்துகொண்டே இருப்பதற்கு நீல நிறத் திருகாணிப் பசை ஒரு துளி விடலாம். மரத்துளை பெருத்துப் போயிருந்தால் மரப்பசையில் தோய்த்த பற்குச்சியைச் செருகிக் காயவிட்டுத் திருகினால் பிடிக்கும்.