ஆச்சியின் உழக்கு

எங்கள் ஆச்சி சமையல் குறிப்பு எதையும் எழுதி வைக்கவில்லை. பாளையங்கோட்டை வீட்டில் தினமும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இட்லி அவித்தவள். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கைப்பக்குவம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அத்தைதான். அவளுக்கும் 76 வயது. போன மாதம் டப்ளினில் இருக்கும் தங்கை மகள், "மாமா, அந்த இட்லிக்கு அளவு கிராம் கணக்குல அனுப்புங்க"ன்னு கேட்டாள். அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆச்சி அளந்தது பித்தளை உழக்கில். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி. 1, 2, 4, 8! கம்ப்யூட்டர்காரனுக்கு இதைப் பார்த்தால் குஷிதான். 1956-இல் சட்டம் வந்து கடைகள் லிட்டருக்கு மாறின; அடுக்களை மாறவில்லை. மாற அவசியமும் இல்லை. புழுங்கலரிசி நாலு, உளுந்து ஒண்ணு. இரண்டு பேருக்கு ஆழாக்கு, விருந்தாளி வந்தால் நாழி. விகிதம் அப்படியே நிற்கும்.

ஆனால் விஷயம் அதில் இல்லை. அத்தை சொன்னது இது: "ஏல, புது உளுந்துன்னா தலைதட்டி அள. பழசுன்னா கோபுரமா அள்ளு."

மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா. அது கரியமில வாயுவை விடும். வாயு ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் பிசினும். பழைய உளுந்து ஆட்டும்போது அவ்வளவாக உபரி காணாது, பிடிமானமும் குறைவு. அந்தக் குறையைத்தான் கோபுரம் சரிக்கட்டுகிறது. உழக்கில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தேன்: 330 கிராம். உளுந்து தலைதட்டினால் 280, கோபுரமாக அள்ளினால் 325. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கூடுதல். இதை எந்த சமையல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அச்சடித்த குறிப்புக்கு உங்கள் வீட்டு உளுந்தின் வயது தெரியாதே.

அடுத்தது உப்பு. "ஒரு கை" என்றாள். கல் உப்பை ஐந்து முறை அள்ளச் சொல்லி எடை போட்டேன். 33-க்கும் 37-க்கும் நடுவில்தான் வந்தது. என்னால் ஸ்பூனில்கூட இவ்வளவு ஒழுங்காக அளக்க முடியாது. ஐந்தாவது தடவை அள்ளியபின் இன்னும் நாலு கல்லை எடுத்துப் போட்டாள். எதுக்கு என்றேன். "அம்மா கை பெருசு. என் கை பத்தாது."

நாலு கல்லோடு சேர்த்து 38 கிராம் என்று எழுதி அனுப்பினேன். அரிசி 1,120, உளுந்துக்கு இரண்டு எண்ணும் கொடுத்திருக்கிறேன். டப்ளின் குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு அத்தையிடம் பதில் இல்லை. பாளையங்கோட்டையில் அந்தப் பிரச்சினையே வந்ததில்லை. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன்.