பூநாரைக்குத் தாள், வாணிபத்துக்கு வாள்!

துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் இருநூறடிச் சாலையிலே, பேருந்தின் சன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் ஒரு விந்தைக் காட்சியைக் காண்பார்கள். கோரையும் நாணலும் மண்டிய நீர்ப்பரப்பு. அதிலே கால் நனைத்து நிற்கும் பூநாரைக் கூட்டம். அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி. சற்றே தலையைத் திருப்பினால், பல்லாண்டுக் காலம் மாநகரம் கொட்டிக் குவித்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு! கடல் கடந்து வரும் பறவைக்கு நாம் விரித்த வரவேற்புக் கம்பளம் அது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டு சூலையிலே வந்தது ஓர் அறிவிப்பு: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலகம் போற்றும் ராம்சார் தலமாகிவிட்டது! பரப்பு 1,247.54 ஹெக்டேர்.

மகிழ்ந்தோம். யார்தான் மகிழமாட்டார்? தென்சென்னையின் ஏரிகள் பலவும் மழைக்காலத்தில் வழிந்து வந்து சேருமிடம் அது. அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைத் தொடுகிறது அந்த நீர். அந்த வழி அடைபட்டால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் மேடவாக்கமும் பெரும்பாக்கமும் கழுத்தளவு நீரிலே கற்றுக்கொண்டன. ஆகவே பூநாரைக்கு மட்டுமா பாதுகாப்பு? மாடிக்கு ஏறத் தெரியாத மூதாட்டிக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆனால், ராம்சார் என்றால் என்ன? ஈரான் நாட்டு நகரம் ஒன்றின் பெயர். 1971-ல் அங்கே கூடி எழுதினார்கள் ஈரநில உடன்படிக்கையை. இந்தியா 1982-ல் சேர்ந்தது. ஈரநிலங்களை அறிவோடு பயன்படுத்துவோம் என்று நாடுகள் வாக்களித்தன. வாக்குத் தவறினால்? வழக்கு உண்டா? இல்லை. தண்டம் உண்டா? இல்லை. ஒரு பதிவேடு உண்டு! மான்ட்ரூ பதிவேடு என்று அதற்குப் பெயர். கெட்டு வரும் ஈரநிலத்தின் பெயரை, அந்த நாட்டின் சம்மதத்தோடு, அதிலே எழுதிவைப்பார்கள். இராசத்தானத்துக் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்டாக் ஏரியும் அதிலே இடம்பெற்றன. இன்னொரு சலுகையும் உண்டு. அவசரமான தேச நலன் என்று ஒரு நாடே முடிவு செய்தால், எல்லையைச் சுருக்கிக்கொள்ளலாம். அவசரம் எது, நலன் எது என்று தீர்மானிப்பதும் அந்த நாடே!

இந்த உடன்படிக்கையின் செயலகம் சுவிட்சர்லாந்திலே, கிளான்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஜெனீவா ஏரியின் கரை. அதே ஏரியின் கரையிலே, ஏறக்குறையத் தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் உள்ள தூரத்தில், இன்னொரு மாளிகை. அதுதான் உலக வர்த்தக அமைப்பு. 1994-ல் மராகேஷ் நகரில் கையெழுத்தாகி, 1995 சனவரி முதல் நாள் பிறந்தது. அங்கே பதிவேடு இல்லை. வழக்காடு மன்றம் இருக்கிறது. தோற்ற நாடு சட்டத்தை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் வென்ற நாடு அதன் சரக்குக்கு வரி விதித்துப் பழிதீர்க்கலாம். ஒரே ஏரி, ஒரே காற்று. ஒருவர் கையிலே தாள், மற்றவர் கையிலே வாள்!

தாளும் வாளும் மோதிக்கொண்டால் எது வெல்லும்? ஊகித்துச் சொல்லத் தேவையில்லை. நாமே அடிபட்டு அறிந்த கதை அது.

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலே, வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நிற்கிறது. காற்றையும் வெயிலையும் அளந்து கணக்கெடுக்கும் நிலையம். சதுப்பு நிலத்தோரம் அதற்கேன் இடம் என்ற கேள்வியை வேறொரு நாள் கேட்போம். அந்த வெயிலை மின்சாரமாக்கத்தான் 2010-ல் டில்லி சர்க்கார் தேசியச் சூரிய மின் இயக்கத்தைத் தொடங்கிற்று. 1992-ல் ரியோ நகரிலே உலகம் கூடி, தட்பவெப்ப உடன்படிக்கையில் கையெழுத்திட்டதே, அந்த வாக்கைக் காக்கும் வழிகளில் ஒன்று இது. மின்சாரத்தை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வோம். ஆனால் சூரியத் தகடுகளில் ஒரு பகுதியாவது இந்த நாட்டிலே செய்ததாக இருக்கவேண்டும் என்றது அந்தத் திட்டம்.

வந்தது வழக்கு! 2013 பிப்ரவரியில் அமெரிக்கா ஜெனீவாவின் கதவைத் தட்டிற்று. எங்கள் தகட்டுக்கு ஓரவஞ்சனை காட்டுகிறது இந்தியா என்று முறையிட்டது. நம் தரப்பு வழக்கறிஞர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 1947-ல் எழுதிய வாணிப ஒப்பந்தத்தின் இருபதாம் விதியிலேயே விலக்குகள் உண்டு. ஒரு நாடு தன் சட்டங்களை நிறைவேற்றத் தேவையான நடவடிக்கைக்கு இடமுண்டு. ரியோ பிரகடனமும் தட்பவெப்ப உடன்படிக்கையும் எம்மீது சுமத்திய கடமையைத்தான் நிறைவேற்றுகிறோம் என்றார்கள். நியாயமான வாதம் என்றுதான் நமக்குப் படுகிறது.

2016 பிப்ரவரியில் நடுவர் குழு மறுத்தது. செப்டம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் மறுத்தது. இந்தியா சுட்டிய அந்த உலக ஆவணங்கள், விதியிலே சொல்லப்பட்ட 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்குவதாக இந்தியா மெய்ப்பிக்கவில்லை என்றது தீர்ப்பு. உலகத் தலைவர்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்ட உடன்படிக்கை, வாணிப மன்றத்தின் வாசலிலே சட்டமாக நடத்தப்படவில்லை! நம் இராமநாதபுரத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டதும் அதே செப்டம்பரில்தான். வெயில் நம்முடையது, நிலம் நம்முடையது, வியர்வை நம்முடையது; தகடு மட்டும் நம்முடையதாக இருக்கவேண்டும் என்று கேட்டால் குற்றம்.

இதற்கு மாற்றுரைப்போர் உண்டு. அவர்கள் சொல்வதிலே ஓரளவு உண்மையும் உண்டு. தகடு மலிவாக எங்கிருந்து வந்தாலென்ன, புகை குறைந்தால் போதாதா, உள்நாட்டு முதலாளிக்கு வேலி கட்டுவதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதே நீதியை எல்லோருக்கும் சொன்னால் நாமும் தலைவணங்குவோம். சொன்னார்களா?

வாஷிங்டன், கலிபோர்னியா முதலிய அமெரிக்க மாநிலங்களும் உள்ளூர்ச் சரக்குக்குச் சலுகை காட்டும் மின் திட்டங்களை நடத்தின. 2016-ல் இந்தியா அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2019 சூனில் வென்றது! பலன்? அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. எந்த மன்றத்தில்? புதிய நீதிபதிகளை அமர்த்தவிடாமல் அதே அமெரிக்கா தடுத்து வந்த மன்றத்தில்! 2019 டிசம்பரில் வழக்கைக் கேட்கப் போதிய நீதிபதிகள் இல்லாமல் அந்த மன்றம் முடங்கிற்று. நீதிபதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "ஐயா, நீதி கேட்டு வந்தேன்" என்று கதவிலே மனுவை ஒட்டிப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2022 ஆகஸ்டிலே, அமெரிக்கச் சரக்கைப் பயன்படுத்தினால் கூடுதல் வரிச்சலுகை என்று சட்டமே செய்தார்கள். 2023 சூனில் இரு நாடுகளும் சமரசம் பேசி இந்த வழக்குகளை முடித்துக்கொண்டன. அந்தச் சமரசத்தால் நம் நாட்டுத் தகட்டுத் தொழிலாளி இழந்த ஆண்டுகள் திரும்பவா போகின்றன?

ஆமைக் கதையும் உண்டு. நீலாங்கரையிலும் பெசன்ட் நகரிலும் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் இழுவலையில் சிக்கிச் சாகின்றன. 2025 சனவரியிலே சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைக் கண்டு கலங்காதவர் யார்? ஆமை தப்பும் கருவி பொருத்தாத வலையிலே பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் வழக்காடின. 1998 அக்டோபரில் மன்றம் சொன்னது: நோக்கம் சரி, நடத்தை சரியில்லை. ஏனெனில் கரீபிய நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம் கொடுத்த அமெரிக்கா, ஆசியாவுக்குக் கொடுத்தது நான்கே மாதம். நடத்தையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டதும் 2001-ல் தடை செல்லும் என்றாகிவிட்டது. அந்த வழக்கிலே, ஆமை அருகிவரும் செல்வந்தான் என்று காட்ட உலகச் சுற்றுச்சூழல் உடன்படிக்கைகளை எடுத்துப் படித்தது இதே மன்றம்! பிரிவு வேறு, வாதம் வேறு என்பார்கள் சட்டம் தெரிந்தவர்கள். சரிதான். ஆனால் இறால் பிடிப்பவன் குப்பத்தில் இருந்து பார்த்தால், வலியவனுக்காக ஏடு விரிகிறது, எளியவனுக்காக மூடுகிறது என்றுதானே தெரியும்?

உடன்படிக்கைக்குப் பல் முளைக்கவே முளைக்காதா என்றால், முளைத்த கதையும் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் எழுதிய மாண்ட்ரியல் ஒப்பந்தம், சேராத நாடுகளோடு அந்த நச்சு வாயு வாணிபமே கூடாது என்றது. ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், தொழிலை மாற்றப் பணமும் கொடுத்தது. உலகமே சேர்ந்தது, படலம் தேறி வருகிறது. கட்டளையோடு கைப்பொருளும் வந்தது, அதனால் நடந்தது. சுற்றுச்சூழல் உடன்படிக்கைக்கும் வாணிப விதிக்கும் உள்ள உறவைப் பேசி முடிப்போம் என்று 2001-ல் தோகா மாநாட்டிலே தீர்மானித்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது, பேச்சு முடிந்தபாடில்லை.

அதற்குள் ஐரோப்பா தனி வழி கண்டுவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் ஆகியவற்றைச் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை விட்டாய் என்று எல்லையிலே கணக்குக் கேட்கிறது. 2026 சனவரி முதல் அதற்குக் கட்டணமும் உண்டு. கோவையிலும் அம்பத்தூரிலும் திருகாணி செய்யும் சிறுபட்டறைக்காரரும் அந்தக் கணக்குக்குத் தப்பமுடியாது. பொறுப்பு அனைவர்க்கும் உண்டு, ஆயினும் அளவு வேறு என்று தட்பவெப்ப உடன்படிக்கையில் எழுதிய அதே ஐரோப்பா, இருநூறாண்டு புகைவிட்டவனையும் நேற்று உலை மூட்டியவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது! புகை குறையவேண்டும், மறுக்கவில்லை நாம். வசூலித்த பணம், பட்டறையிலே புது உலை வைக்க வந்து சேருமா? அதைச் சொல்லட்டும் முதலில்.

இனி டில்லியைக் கேட்போம். எந்தக் கட்சி அங்கே அமர்ந்தாலும் இந்த வழக்கம் மாறவில்லை என்பதால், எல்லாரையும் சேர்த்தே கேட்போம். நிலமும் வேளாண்மையும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டோடு ஒப்பந்தம் என்று வந்துவிட்டால், அரசியல் சட்டத்தின் 253-ஆம் விதி, மாநிலப் பட்டியலையும் மீறிச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஒப்பந்தம் போடுவதற்கோ நாடாளுமன்றத்தின் இசைவுகூடக் கட்டாயமில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வாணிப ஒப்பந்தம், 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்கென்று ஓர் அத்தியாயமே அதில் உண்டு என்று பெருமை பேசினார்கள். உண்டு. ஆனால் அந்த அத்தியாயத்தை மீறினால் மட்டும் வழக்காட முடியாது! புதிய ஒப்பந்தத்திலும் பழைய கதை.

நாமும் குற்றமற்றவர்கள் என்று மார்தட்டவில்லை. பள்ளிக்கரணையைக் கூறுபோட்டவர் எவரும் ஜெனீவாவிலிருந்து வரவில்லை. சாலை போட்டதும் குப்பை கொட்டியதும் மாடி எழுப்பியதும் இங்கேதான், பல ஆட்சிகளில். 2025 செப்டம்பரிலே, எல்லையை அளந்து முடிக்கும்வரை ராம்சார் தலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் கட்டட அனுமதி கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லவேண்டி வந்ததே, அது நமக்குத் தலைகுனிவுதான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ராம்சார் தாளுக்கு அன்று கிடைத்த பல், உள்ளூர்த் தீர்ப்பாயம் ஒன்றினால் கிடைத்தது. உலகத்தின் வாக்கு, நம் ஊர்ச் சட்டத்திலே எழுதப்படும்போதுதான் வாக்காகிறது.

ஆகவே கேட்கிறோம்: அடுத்த வாணிப ஒப்பந்தத்தின் வரைவை, கையெழுத்திடுமுன் மாநிலச் சட்டமன்றங்களில் வைக்கவேண்டும். சுற்றுச்சூழல் அத்தியாயத்துக்கும் வழக்காடும் உரிமை வேண்டும். அதோடு, எல்லையில் வாங்கும் கரிக்கட்டணத்தில் ஒரு பங்கு பட்டறைக்குத் திரும்பவேண்டும். சட்டமன்றத்தில் வைத்தால் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே! ஆசியாவுக்கு நான்கு மாதம்தான் என்று அமெரிக்கா சொன்னபோது, அது போதாது என்று ஜெனீவாவிலே வாதாடி வென்றவர்களில் டில்லியும் ஒன்று. நாமும் இன்று டில்லியிடம் கேட்பது, படித்துப் பார்க்க நான்கு மாதம்.