காணும் பொங்கலும் வேலை தேடும் வாலிபரும்

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில் நம் கிராமங்கள் மீண்டும் நிறைவு பெறுகின்றன. திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்போர், கோவையில் வார்ப்படச் சாலைகளில் உழைப்போர், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இயந்திரங்களோடு பழகுவோர், வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வந்தோர் எனப் பலரும் நான்கைந்து நாட்கள் சொந்த ஊரில் தங்குகின்றனர். படிப்பை முடித்து வேலையின்றி இருக்கும் இளைஞருக்கும் பெண்களுக்கும் இந்நாட்கள் எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலை காலியாக இருக்கும் செய்தி எவ்வாறு பரவுகிறது? அரசுப் பணிக்கு விளம்பரமும் தேர்வும் உண்டு. அங்கே அறிமுகத்திற்கு இடமில்லை. பணம் கொடுத்தால் சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். ஆனால், சிறு தொழிற்சாலை, பட்டறை, கடை முதலிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே ஓர் ஆள் குறைந்தால், "உங்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா?" என்று மேற்பார்வையாளர் முதலில் கேட்பது உள்ளே வேலை செய்பவரைத்தான். விடுமுறைக்குச் சென்றவர்களில் சிலர் திரும்பாமையால், பொங்கலுக்குப் பின் இடங்கள் காலியாவதும் உண்டு.

சரி, யாரைக் கேட்பது? நெருங்கிய உறவினரையே நாம் முதலில் நினைக்கிறோம். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான உண்மையைக் காட்டிற்று. பாஸ்டன் நகரையடுத்த பகுதியில், அறிமுகமானவர் மூலம் புது வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அந்த அறிமுகமானவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகக் கூறியவர்கள் 16.7 சதவீதத்தினரே, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நம்முடன் நாள்தோறும் பழகுவோர் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் நாமும் அறிந்ததே. தூரத்தில் இருப்பவரிடமிருந்தே புதுச் செய்தி வருகிறது. ஆகவே, ஆண்டுக்கொரு முறை ஊர் வரும் பள்ளித் தோழர், அடுத்த தெருக்காரர், மூத்த மாணவர் ஆகியோரையும் அவசியம் சந்திக்க வேண்டும். உற்றார் ஊராரைக் கண்டு வருவதற்கென்றே நம் முன்னோர் வகுத்த காணும் பொங்கல் நாள் இதற்கு மிகப் பொருத்தமானது.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. "அண்ணா, எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்றால், வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லாத அவர் சங்கடப்பட்டு, "பார்க்கலாம் தம்பி" என்பதோடு நிறுத்திவிடுவார். "அண்ணா, உங்கள் கம்பெனியில் வெல்டர் வேலைக்கு என்ன சோதனை வைக்கிறார்கள்? யாரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டால் மகிழ்ந்து விவரம் சொல்வார். பெயர், படிப்பு, பயிற்சி, செல்பேசி எண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுத்து வைக்கலாம். அவர் ஊர் திரும்பிய ஒரு வாரத்திற்குள் பேசி நினைவூட்டுவதும், வேலை கிடைப்பினும் கிடைக்காவிடினும் அதைத் தெரிவிப்பதும் நன்மரபாகும்.

வேலை இருக்கிறது என்று அறிவது மட்டும் போதாது. அது எத்தகைய வேலை என்பதையும் அறிதல் வேண்டும். சம்பளம் கம்பெனியிடமிருந்து வருமா, ஒப்பந்தக்காரரிடமிருந்து வருமா? தங்குமிடத்திற்கும் உணவிற்கும் எவ்வளவு செல்லும்? வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமும், ஈ.எஸ்.ஐ. திட்டத்திற்கு உட்பட்டவராயின் 0.75 சதவீதமும் தொழிலாளி பங்காகப் பிடிக்கப்பட்டபின் கைக்கு வருவது என்ன? தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறியவர்கள், அங்கே பழகுநர் இடம் உண்டா என்றும் கேட்கலாம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்க்கக் கடமைப்பட்டவை. பெண்ணை நூற்பாலை விடுதிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர், தரகர் சொல்லை விட, அங்கே வேலை செய்து திரும்பிய பெண்ணின் சொல்லையே பெரிதாகக் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் விதி. பதிவு உண்மையா என்பதை இ-மைகிரேட் என்னும் அரசு இணையதளத்தில் பார்த்தறியலாம். சுற்றுலா விசாவில் சென்று பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பலாகாது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைத்தலும் கூடாது.

இனி ஒரு முக்கியமான விஷயம். வேலைச் செய்தி உறவு வழியாகவும் சாதி வழியாகவும் மட்டுமே ஓடுமானால், நகரத்தில் உறவினர் இல்லாத குடும்பத்துப் பிள்ளை எவ்வளவு திறமை பெற்றிருப்பினும் வாசலிலேயே நிற்க நேரும். முன்பே வெளியே சென்ற குடும்பங்கள் மேலும் உயர, மற்றவை பின்தங்கிவிடும். இதற்குப் பரிகாரம் ஊராட்சியின் கையிலேயே இருக்கிறது. காணும் பொங்கலன்று மாலை, எல்லாத் தெருவினரும் தயக்கமின்றி வரக்கூடிய பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு கூட்டம் கூட்டலாம். வெளியூரில் பணிபுரியும் ஆண்களும் பெண்களும் தத்தம் தொழிலைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம். வேலை தேடுவோரின் பெயரையும் தகுதியையும் ஊராட்சிச் செயலர் ஓர் ஏட்டில் பதிந்து கொள்ளலாம். பெண்களை அழைத்துவரும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கலாம்.

அந்த ஏட்டை ஜனவரி 26ஆம் தேதி கிராம சபையில் வாசித்து, ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கு அனுப்பினால், எந்த ஊருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும், வேலைவாய்ப்பு முகாமிற்கு எந்தத் தொழில் நிறுவனங்களை அழைக்க வேண்டும் என்பதை நாம் திட்டமாக அறிய இயலும். இதற்குச் செலவு அதிகம் இல்லை. ஒரு மாலை நேரமும், ஊருக்குப் பொதுவான மனமும் இருந்தால் போதும். வரும் தைத் திங்களில் ஊராட்சிகள் இதைச் செய்து பார்க்க முன்வர வேண்டுகிறோம்.