மருந்து அடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது

சின்னசேலம் பக்கம் மக்காச்சோளக் காட்டில் மருந்து அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் டேங்க்; மூடி சரியாக இறுகாமல் வழிந்து சட்டை நனைந்திருக்கும். மூக்கை மறைக்க ஒரு துண்டு, காலில் செருப்புகூட இருக்காது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறவர்களும் உண்டு. 2018-இல் படைப்புழு வந்த பிறகு குருத்துக்குள்ளேயே மருந்து விட வேண்டியதாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி: "மருந்து அடிச்சதாலதானா?"

ஒரு தனி ஆளைக் காட்டி "இதனால்தான்" என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதற்காகச் சந்தேகமே வீண் என்றும் ஆகாது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகள்மேல் கொட்டிய 'ஏஜென்ட் ஆரஞ்சு' இரண்டு களைக்கொல்லிகளின் கலவை. அதில் ஒன்றான 2,4-டி இன்றும் நம் கடைகளில் கிடைக்கிறது. மற்றதில் கலந்திருந்த டையாக்சின்தான் கொடிய நஞ்சு. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களுக்கு நாள்பட்ட நிணநீர் வகை ரத்தப் புற்றுநோய் வந்தால், அதற்கு அந்தக் கலவையே காரணம் என அனுமானித்து உதவித்தொகை தர 2003-இல் அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. யாரும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம்மூர்க் கூலியாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான்.

ரத்தப் புற்றுநோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. இன்னொரு வகையான நாள்பட்ட மைலாய்டு வகையைக் கதிர்வீச்சு தூண்டும் என்பதை ஹிரோஷிமாவில் தப்பியவர்களிடம் கண்டார்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீனுக்கு எதிரான வலுவான ஆதாரம் தீவிர வகைக்குத்தான். பென்சீனாலும் கதிர்வீச்சாலும் வரும் நோய்களைத் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டம் தொழில்நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

மருந்து அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம் போன்ற பாதுகாப்பு வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. கூலிக்குக் கூப்பிடுகிறவரிடம் இதைக் கேட்டு வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது கொடிய விஷம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். லேபிளைப் போனில் படம் பிடித்து, அடித்த தேதியையும் குறித்து வையுங்கள். நாளைக்கு இழப்பீடு கேட்டால் கையில் இருக்கப்போகிற ஆதாரம் அதுதான்.

நாள்பட்ட மைலாய்டு வகைக்கு இமாடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியதால், மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தை நம் கம்பெனிகள் தொடர்ந்து சில ஆயிரங்களில் தர முடிந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கழுத்திலோ அக்குளிலோ வலிக்காத கட்டி, இடது வயிற்றில் கனம், அடிக்கடி காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தால் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் மருந்து அடிக்கிறவன்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.