அஞ்சடியில் ஒரு மழைநாள்

டிசம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. தாவரவியல் பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்து, அம்மா கட்டித்தரும் புளிச்சோற்றைச் சாப்பிடுவது என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே முடிவாகியிருந்தது. காரணம் அண்ணன். ஜனவரியில் அவன் தேசிய சேவையில் சேர்கிறான். அதற்குமுன் ஒரு நாளாவது வீட்டில் உள்ள ஐந்து பேரும் ஒன்றாக வெளியே போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

காலை ஏழு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. சன்னல் வழியே பார்த்தால் எதிர் புளோக்கூடச் சரியாகத் தெரியவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் டிசம்பரில் மட்டுமே கொட்டித் தீர்க்கிறது. வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் திறந்தவெளியில் சாப்பிடத் திட்டம் போட்டது எங்கள் தவறுதான்.

அண்ணன் கைப்பேசியோடு அறைக்குள் போனான். நானும் என் அறைக்குப் போயிருப்பேன். அப்போதுதான் பாட்டி வாய் திறந்தார்.

“மழைன்னா வீட்டுலேயே கெடக்கணுமா? தேக்காவுக்குப் போயிட்டு வாங்க. அஞ்சடி ஓரமாவே நடந்தா தலை நனையாது. நான் வீட்டைப் பாத்துக்கறேன்.”

பாட்டிக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு மருத்துவமனையைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. ‘நான் வீட்டைப் பாத்துக்கறேன்’ என்பதை எட்டு மாதங்களாகக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. அன்று அண்ணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “பாட்டி வரலேன்னா நானும் வரல” என்றான்.

அரை மணி நேரத்தில் பாட்டி சேலை மாற்றிக்கொண்டு, கைத்தடியோடு கிளம்பிவிட்டார். எனக்கோ ஒரு சந்தேகம். அஞ்சடி என்றால் என்ன?

மூன்று மொழிகளில் ஓர் அடி

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து தேக்கா நிலையத்துக்குச் சில நிமிட நடைதான். உணவங்காடியில் இடம் பிடிப்பதற்குள் பாதிப் பேர் நனைந்திருந்தோம். சுடச்சுட அப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. பாட்டிக்கு இஞ்சி போட்ட தே ஹாலியா. மழை நாளில் அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்வதே பாதிச் சாப்பாடு என்றார் அப்பா.

சாப்பிட்டுக்கொண்டே என் சந்தேகத்தைக் கேட்டேன். பழைய கடைவீடுகளில் மேல்மாடி முன்னால் நீண்டிருக்கும். அதன் கீழே, கடை வாசலை ஒட்டி, கூரைக்குள்ளேயே செல்லும் நடைபாதைதான் அஞ்சடி. அகலம் ஐந்து அடி என்பதால் அந்தப் பெயர். அதாவது ஒன்றரை மீட்டர். மலாயில் அதற்குக் ‘காக்கி லீமா’ என்று பெயர். காக்கி என்றால் கால். அளவைக் குறிக்கும் அடிக்கும் அதே சொல்தான். தமிழில் அடி என்பதும் அப்படித்தானே! பாதமும் அடி, அளவும் அடி.

“தேக்காவும் அதே கதைதான்” என்றார் அப்பா. ஹொக்கியன் மொழியில் ‘தெக் கியா கா’ என்றால் சிறு மூங்கில்களின் அடி. ஒரு காலத்தில் இங்கே மூங்கில் வளர்ந்திருந்ததாம். மரத்தடி என்று நாம் சொல்வதுபோல மூங்கிலடி. இத்தனை ஆண்டுகளாகத் தேக்காவுக்கு வந்து போகிறேன். அந்தப் பெயருக்கு ஒரு பொருள் இருக்கும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

கூரைக்குக் கீழே ஒரு தெரு

மழை விடவில்லை. சிராங்கூன் சாலையைக் கடந்து, கேம்பல் லேன் பக்கமிருந்து சையது ஆல்வி சாலை நோக்கி நடப்பது என்று முடிவானது. அண்ணனுக்குச் சில பொருள்கள் வாங்கவேண்டும். தூரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். நான் தனியாகப் போனால் பதினைந்து நிமிடம். அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அஞ்சடி தொடர்ச்சியாக இருந்தாலும் சமமாக இல்லை. ஒரு கடையின் தரை உயர்ந்திருக்கும், அடுத்த கடையின் தரை தாழ்ந்திருக்கும். நடுவே ஒரு படி, சில இடங்களில் இரண்டு படி. பூக்கூடை, காய்கறிப் பெட்டி, அறிவிப்புப் பலகை என்று எதையாவது சுற்றிக்கொண்டும் போகவேண்டும். நமக்குக் கண்ணிலேயே படாத அந்த ஒற்றைப் படியில் பாட்டி ஒவ்வொரு முறையும் நின்றார். கைத்தடியை முதலில் வைத்து, நல்ல காலை அடுத்து வைத்து, மற்றக் காலை மெதுவாகத் தூக்கினார். நான்காவது படியில் அண்ணன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தக் கையை அவன் விடவில்லை.

இந்தக் கூரைப் பாதை தற்செயலாக வந்ததன்று. 1822ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், சிங்கப்பூர் நகரைத் திட்டமிட அமைத்த குழுவுக்கு எழுதிய கட்டளைகளில் அது இருக்கிறது. தெருவின் இரு பக்கமும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு தாழ்வாரம் இருக்கவேண்டும். அது எந்த நேரமும் திறந்திருந்து, எல்லாரும் நடக்கும் ஒரே தொடர் பாதையாக அமையவேண்டும் என்பது அவரது ஆணை. இடம் கடைக்காரருடையது. நடக்கும் உரிமையோ வழிப்போக்கருடையது.

எழுதுவது எளிது, நடைமுறைதான் கடினம். கடைக்காரர்கள் சரக்கை அடுக்கினார்கள். சிறு வியாபாரிகள் கடை விரித்தார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அந்தத் தடைகளை அகற்றத் தொடங்கியபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரமே வெடித்தது. அஞ்சடி நடப்பவருக்கா, பிழைப்பவருக்கா என்ற அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. காய்கறிப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு போகும்போது எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பாட்டிக்கு வரவில்லை. பெட்டியின் முன் நின்று கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்து, ஒரு கட்டு வாங்கினார். அடுத்த கடையில் இரண்டு முழம் மல்லிகை. அம்மாவுக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம்.

“உன் தாத்தா படுத்த இடம்”

டன்லப் ஸ்திரீட்டைத் தாண்டியதும் மழை வலுத்தது. அடுத்த குறுக்குத் தெருவைக் கடக்க வழியில்லை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே கூரை கிடையாது. ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். கடைக்காரர் ஒரு முக்காலியை எடுத்துவந்து பாட்டிக்குப் போட்டார். எங்களுக்கு அவர் யார் என்றே தெரியாது.

உட்கார்ந்த பாட்டி தூணைக் கையால் தொட்டுப் பார்த்தார். “இது மாதிரி ஒரு தூணடியிலதான் உன் தாத்தா நாலு வருஷம் படுத்துக் கெடந்தாரு” என்றார்.

தாத்தா இறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் கடையில் வேலை பார்த்தவர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். 1952இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் வேலை. கடைக்கு மேலே இருந்த அறை நிரம்பி வழிந்ததால் இளையவர்களுக்கு அஞ்சடிதான் படுக்கை. இரவு கடையை அடைத்ததும் கயிற்றுக் கட்டிலை விரிப்பார்கள், விடியுமுன் மடித்துவிடுவார்கள். மழை பெய்தால் சாரல் காலில் படும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார்களாம்.

“அழுதிருக்காரா பாட்டி?” என்று கேட்டான் அண்ணன்.

“எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காரு. மொத வாரம் ராத்திரியெல்லாம் தூக்கம் வரலயாம். அவங்க அம்மா கொடுத்துவிட்ட துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுத்திருந்தாராம். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரங்க பழக்கமாயிட்டாங்க.”

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு வயது பத்தொன்பது. வரப்போகும் நாளைப் பற்றி அவன் வீட்டில் யாரிடமும் பேசியதில்லை. ‘எல்லாரும் போறதுதானே’ என்று அப்பாவிடம் சொன்னதோடு சரி. சற்று நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, “நானும் கடல் தாண்டித்தான் போறேன் பாட்டி. பூலாவ் தேக்கோங். அரை மணி நேரம்கூட ஆகாது” என்றான்.

“தூரமா முக்கியம்? மொத ராத்திரி மொத ராத்திரிதான்” என்றார் பாட்டி.

அன்றைய நாளில் நான் கேட்ட பேச்சுகளிலேயே உண்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

மூன்று பூட்டுகள்

மழை சற்றுத் தணிந்ததும் மீண்டும் நடந்தோம். குறுக்குத் தெரு வரும்போதெல்லாம் அப்பா குடையை விரிப்பார், அஞ்சடி வந்ததும் மடக்குவார். முஸ்தஃபா கடைத்தொகுதியில் அண்ணனின் பட்டியல் வெளியே வந்தது. மூன்று பூட்டுகள், காலுக்குப் போடும் பவுடர், துணி மாட்டிகள், ரப்பர் செருப்பு. பட்டியலில் இல்லாத ஒன்றைப் பாட்டி வாங்கினார். வெள்ளை நிறத்தில் ஒரு பருத்தித் துண்டு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு வாழையிலைச் சாப்பாடு. பாட்டி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டதை அம்மா ஒரு சாதனையைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பை நிறைய மசால் வடையோடு வீடு திரும்பினோம்.

எங்கள் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கியபோதும் மழைதான். ஆனால் நிலையத்திலிருந்து எங்கள் புளோக் வரை கூரையுள்ள நடைபாதை இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் பள்ளிக்குப் போய் வருகிறேன். 2013க்கும் 2018க்கும் இடையே நிலப் போக்குவரத்து ஆணையம் இப்படி 200 கிலோமீட்டர் பாதைகளைத் தீவெங்கும் அமைத்தது. படி இல்லை, பெட்டி இல்லை. பாட்டி ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார். “இதுவும் அஞ்சடிதான். முக்காலி போட்டுக் கொடுக்கத்தான் ஆளில்ல” என்றார்.

‘அஞ்சடி’ என்ற சொல் என் பாடநூலில் இல்லை. நடைபாதை என்றுதான் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அது தவறில்லை. ஆனால் நடைபாதை என்றால் எந்த ஊரிலும் இருக்கும். அஞ்சடி என்றால் இந்த ஊரின் கூரையும் மழையும் தூணும் அதனடியில் படுத்திருந்த ஒரு பதினெட்டு வயதுப் பையனும் அதில் இருக்கிறார்கள். இப்படி எத்தனை சொற்கள் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கின்றனவோ! அகராதியில் தேடுவதைவிட அவர்களோடு மெதுவாக நடப்பதே எளிய வழி. பள்ளி விடுமுறையில் மழை வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள் நண்பர்களே. நடையின் வேகத்தை அது குறைத்துவிடும். நமக்குத் தேவைப்படுவதும் சில நேரங்களில் அதுதான்.

அண்ணன் தீவுக்குப் போன பிறகு முதல் இரண்டு வாரங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. இரவில் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் முதலில் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னான். துண்டைப் பற்றி இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவன் முதல் விடுப்பில் வந்த அன்றும் காலையிலிருந்து மழை. “எங்கேயாவது போகலாமா?” என்று கேட்டுக்கொண்டே பையை இறக்கி வைத்தான். பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு வாசலில் நின்றிருந்தார்.